மெர்வ் போட்ட நடைபாதை

ஜூன் 5, செவ்வாய்

மறுபடியும் குளிர்கால மழை. முன்னறையில் அண்ணன் மெர்வுடைய கட்டிலை ஒட்டிய சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. விரலை வைத்தேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால் அதன் முதுகு முழுக்கக் கறுப்புப் பூசணம். வருஷா வருஷம் மார்ச் மாதம் இந்த ஓர் அறைக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பான் என் அண்ணன். "நீ அடிச்சா திட்டுத் திட்டாத் தெரியும், தள்ளு" என்று என்னைப் பிரஷ்ஷைத் தொட விட்டதே இல்லை. இந்த வருஷம் மூச்சு வாங்குகிறது என்று அடிக்கவில்லை. அதற்குள் இந்த லட்சணம்.

மெர்வ் போன வாரத்திலிருந்து மருத்துவமனையில். நுரையீரலில் நீர். டாக்டர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒண்ணு வீட்டுல இருக்கற ஓதம் போகணும். இல்லேன்னா ஆள் வேற இடத்துக்குப் போகணும். அதே அறைக்கு அனுப்ப என்னால முடியாது."

அண்ணன் மனைவி ஜாய் இறந்தபோது அவனுக்குத் துணையாக ஒரு மாசம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பெட்டியோடு வந்தவள் நான். பதினோரு வருஷம் ஆகிறது. பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது.

ஜூன் 9, சனி

டெஸ்ஸா ஜீலாங்கிலிருந்து வந்தாள். மெர்வுடைய ஒரே மகள், அப்பாவின் தாடையும் அம்மாவின் பொறுமையும். முன்னறையைப் பார்த்துவிட்டு நேராக அடுக்களைக்கு வந்து கெட்டிலைப் போட்டாள்.

"அத்தை, வீட்டை வித்துடலாம். எங்க தெருவுக்குப் பக்கத்துலயே ஒரு முதியோர் இல்லம் இருக்கு. ஜூலை கடைசியில ஒரு அறை காலியாகுது. அப்பாவுக்குக் கேட்டு வெச்சிருக்கேன்."

"அவன் ஒத்துக்க மாட்டான்."

"அப்பா எதுக்குத்தான் ஒத்துக்கிட்டார்? நீங்க சொன்னா கேப்பார். நீங்களும்தான் எத்தனை நாள் இப்படி அல்லாடுவீங்க? உங்க முகத்தைக் கண்ணாடியில பாத்தீங்களா?"

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

ஜூன் 10, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் எனக்கென்று ரொம்ப நாளாக நினைத்திருந்த ஏரிப் பக்கத்துச் சின்ன ஃபிளாட்டைப் போய்ப் பார்த்தேன். ஓர் அறை, ஒரு ஜன்னல், சுவரில் ஒரு பொத்தான். அழுத்தினால் சூடு வருகிறது. நான் அங்கேயே கோட்டைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது.

ஜூன் 13, புதன்

மெர்வுக்குப் பேச்சு திரும்பிவிட்டது, அதாவது புகார் திரும்பிவிட்டது. "நோலா, இங்க சூப்புன்னு ஒண்ணு குடுக்கறாங்க. நம்ம வீட்டுல தட்டு கழுவின தண்ணி இதைவிட ருசியா இருக்கும்."

பிறகு அவன் எப்போதும் கேட்பதைக் கேட்டான். "பாதையில பாசி பிடிச்சிருக்கா? பிளீச்சை ஊத்தித் தேய். மழை நாள். வழுக்கி விழுந்து வெக்காதே."

"தேய்ச்சேன், தேய்ச்சேன்."

"எப்ப வீட்டுக்கு விடுவாங்களாம்?"

"பாக்கலாம்."

"இந்த 'பாக்கலாம்' எனக்குத் தெரியும். அம்மா சாகறதுக்கு முன்னாடி டாக்டர் சொன்ன அதே 'பாக்கலாம்'."

வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

ஜூன் 19, செவ்வாய்

ஓதத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்த கட்டட வேலைக்காரி ஹெதர் இன்று வந்தாள். விக்டோரியா ராணி காலத்து வீடுகளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாளாம், வண்டியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. இறங்கும்போது ஆரம்பித்த பேச்சு, ஏறும்வரை நிற்கவில்லை. வாசல் கதவுக்கு மேலே கண்ணாடியில் பொன்னெழுத்தில் இருக்கும் வீட்டுப் பெயர் 'போல்பெரோ'வைப் படம் எடுத்தாள். வராந்தாவின் வார்ப்பிரும்பு லேஸ் வேலையைத் தடவிப் பார்த்தாள். ஹாலில் பதித்த பழுப்பும் நீலமுமான ஓடுகளின் மேல் மண்டியிட்டே உட்கார்ந்துவிட்டாள்.

"கட்டின ஆளுக்குக் கை தாராளம்தான். யாரு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேப்டன் ஜோசையா பாஸ்கோ. கப்பலையே ஓட்டாத கேப்டன், இங்கே தங்கச் சுரங்கத்து மேலாளர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கார்ன்வால்காரர். இந்த வீட்டுக்கு முன்னால் இதே இடத்தில் மரப்பட்டைக் குடிசையில் இருந்தார். அங்கே தொண்டை அடைப்பான் கண்டு அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் ஒரே வாரத்தில் போயின. கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அதனால் அவர் இந்த வீட்டைக் கட்டும்போது கண்ட இடத்திலெல்லாம் காற்றுக்குத் துளை விட்டார். தரைப் பலகைக்குக் கீழே சுற்றிலும் இரும்புச் சல்லடைத் துளைகள். உள்ளே ஒவ்வோர் அறையிலும் கூரையோரம் சுண்ணாம்புப் பூவேலைக்கு நடுவே துளைகள். அறைக்கு ஒரு கணப்பு. "வீடு கட்டறோமா, சல்லடை பின்னறோமா கேப்டன்?" என்று கொத்தனார் கேட்டாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் தானே முதலில் சிரிப்பார். மூன்றாவதாகப் பிறந்த பெண் தொண்ணூறு வயது வரை இருந்தாள். அவளிடமிருந்துதான் எங்கள் தாத்தா இந்த வீட்டை வாங்கினார்.

அந்தத் துளைகளை அடைப்பதுதான் அதற்குப் பிறகு இங்கே குடியிருந்தவர்கள் எல்லோருக்கும் வேலை. எங்கள் பல்லாரட் ஊர்க் குளிர் அப்படி. ஏப்ரல் கடைசியில், ஆன்சாக் போர் நினைவு தினம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க ஏணி போடுவார்கள், எங்கள் வீட்டிலும்தான். அம்மா பழைய ஸ்டாக்கிங்ஸைச் சுருட்டிக் கொடுப்பாள், மெர்வ் மேலே ஏறித் திணிப்பான். வசந்தத்தில் எடுக்க வேண்டும் என்று பேச்சு. யார் எடுத்தார்கள்?

ஹெதர் வெளியே வீட்டை இரண்டு தடவை சுற்றி வந்தாள்.

"கீழ்த் துளைங்க எங்க?"

"இருக்குமே."

"இல்ல. இந்தச் சிமெண்டு நடைபாதையைச் சுவத்தோட ஒட்டி, துளைக்கு மேலேயே ஊத்தியிருக்காங்க. ஊத்தினது போதாதுன்னு இடுப்பு உயரத்துக்குச் சுவத்துலயும் சிமெண்டு பூசியிருக்காங்க. யாரு பண்ண வேலை இது? அந்த ஆளைக் கையைக் காலைக் கட்டி உள்ள போடணும்."

"தெரியல" என்றேன்.

பிறகு விளக்கினாள். இந்தச் செங்கல் மெத்தென்ற கல், நடுவே சுண்ணாம்புச் சாந்து. மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. "மழைக்கோட்டைப் போட்டு, வாயையும் மூடி ஓடச் சொன்னா எப்படி இருக்கும்? அதான் இந்த வீடு." பாதையை மொத்தமாக உடைத்து எடுக்க வேண்டும், சுவரில் பூசியதையும் கொத்த வேண்டும். அதன் பிறகுதான் காயும். வேறு வழியே இல்லை என்றாள்.

ஜூன் 20, புதன்

தூக்கம் வரவில்லை, சரி, எழுதிவிடுகிறேன்.

1981, ஆகஸ்ட். அப்போது பின்வாசலிலிருந்து துணிக் கொடி வரைக்கும் வெறும் சேறு. ஜாய் ஐந்து மாதக் கர்ப்பம். ஈரத் துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனவள் வழுக்கி விழுந்தாள். நான் அப்போது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. மெர்வ் அங்கே வாசலில் வந்து நின்றான், முழங்கால் வரை சேறு. குழந்தை போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை எங்கிருந்தோ கலவை இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வந்தான். பின்வாசலிலிருந்து கொடி வரை ஊற்றினான். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வீட்டின் பக்கவாட்டில் ஊற்றினான், அந்தப் பக்கம் ஊற்றினான், முன்வாசல் கேட் வரை ஊற்றினான். ஒவ்வொரு சனி, ஞாயிறும். அப்பா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், போதும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஜாய் அந்தப் பாதையில் கால் நூற்றாண்டு நடந்தாள். ஒரு தடவைகூட விழவில்லை.

டெஸ்ஸாவுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்கு அது சைக்கிள் பழகிய இடம்.

இப்ப இதை உடைக்கணும்னு அவன்கிட்ட யார் போய்ச் சொல்றது? நான்தான். வேற யார் இருக்கா.

ஜூன் 24, ஞாயிறு

சொல்லத்தான் போனேன். அவன் பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான்: "நான் போட்ட கான்கிரீட்டுல இதுவரைக்கும் ஒரு விரிசல் கிடையாது. ரயில்வே ஆளு போட்டது சார்." திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 1, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. சீ.

ஜூலை 4, புதன்

மேல் துளைகளையாவது திறந்து வைப்போம் என்று ஏணி போட்டேன். அறுபத்தெட்டு வயதில் ஏணி. முன்னறைத் துளையில் விரலை விட்டு இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. அம்மாவின் ஸ்டாக்கிங்ஸ், கால்விரல் பக்கம் தைத்ததுகூட அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னும் பழசாக ஒரு கம்பளிக் கையுறை, அது எங்களுடையது இல்லை. அந்தத் தொண்ணூறு வயதுக்காரியினுடையதாக இருக்கும். அப்பன் பாவம் அவளுக்காக அத்தனை துளை விட்டான், அவளும்தான் அடைத்திருக்கிறாள். ஏணியின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன்.

சிரித்ததும் இருமல் வந்தது. எனக்குமா?

ஜூலை 11, புதன்

ஹெதர் முன்னறைத் தரையைத் திறந்து பார்க்க வந்தாள், கட்டை எவ்வளவு தூரம் உளுத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் வேலைக்குக் கணக்குச் சொல்ல முடியுமாம். நான் அடுக்களையில் இருந்தேன்.

"நோலா, கொஞ்சம் இங்க வாங்க."

மூன்று பலகையைப் பெயர்த்திருந்தாள். கீழேயிருந்து வந்த வாடை முகத்தில் அறைந்தது. டார்ச் அடித்துக் காட்டினாள். தாங்கு கட்டை கையில் எடுத்தால் பழைய கேக் போல நொறுங்குகிறது. ஆனால் தரை இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்றால், கட்டைக்குக் கீழே கருங்கல் துண்டு வைத்து, அதன் மேல் ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறது. மெர்வ் வேலை பார்த்த ரயில்வே பணிமனையின் ஜாக்கி. அந்த மஞ்சள் நிறம் எனக்குத் தெரியாதா? ஒன்று அலமாரிக்கு நேர் கீழே. ஒன்று ஜன்னலோரம். ஒன்று அவன் கட்டில் இருந்த இடத்தில்.

"இது நேத்து வெச்சது இல்ல" என்றாள் ஹெதர். "துருவைப் பாருங்க. இருபது வருஷத்துக்கு மேல இருக்கும். வெச்சவருக்கு விஷயம் நல்லாத் தெரிஞ்சிருக்கு."

அடுக்களைப் பக்கம் இருக்கும் சின்னக் கதவு வழியாகத்தான் உள்ளே போக முடியும். வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். அவ்வளவு பெரிய ஆள். அந்த ஈரத்தில். அந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு.

அப்போ ஒவ்வொரு மார்ச்சும் பெயிண்ட் அடிச்சது — என்னைத் தொட விடாதது — அட மெர்வ்.

ஜூலை 12, வியாழன்

போனேன். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"முன்னறையைத் திறந்து பாத்தோம். கீழ ஜாக்கி இருக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரர் டீவியின் சத்தத்தைக் குறைத்தார், நல்ல மனிதர்.

"எத்தனை இருந்துச்சு?"

"மூணு."

"நாலு இருக்கணும். இன்னொண்ணு ஹால்ல, கடிகாரத்துக்குக் கீழ. அதை எடுத்துடாதீங்க, ஓடெல்லாம் விட்டுடும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சிருந்தும் அந்த அறையிலயேவா படுத்திருந்தே? உனக்கென்ன பைத்தியமா? உன் நெஞ்சு வீணாப் போனதுக்கு அதானே காரணம்!"

"கத்தாதே. ஆமா, தெரியும். சுவரடிப் பலகை உளுத்தப்பவே கீழ போய்ப் பாத்தேன். எல்லாம் நான் ஊத்தினதாலதான்னு அன்னிக்கே தெரியும்."

"அப்பவே உடைச்சிருக்கலாமே."

"எப்படி உடைப்பேன்? ஜாய் எதுக்குன்னு கேப்பா இல்ல? நீ விழக் கூடாதுன்னு போட்டேனே, அதுதான் இப்ப வீட்டை விழ வைக்குதுன்னு அவகிட்ட சொல்லவா?" மூச்சு வாங்கினான். காத்திருந்தேன். "அவ தினம் துணி எடுத்துட்டு அது மேல போவா. திரும்பி வரும்போது என்னைப் பாத்து ஒரு சின்னத் தலையாட்டு ஆட்டுவா. அவ்வளவுதான். அதைப் பத்தி நாங்க ஒரு நாளும் பேசினதில்ல."

"ஜாய் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சே, மெர்வ்."

"ஆச்சு. அதுக்கப்புறம் உடைக்க எனக்குத் தெம்பு எங்க இருந்துச்சு?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பிடித்துக்கொள்கிறவர்கள் இல்லை. இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

கிளம்பும்போது சொன்னான்: "உடைக்கச் சொல்லு. கொடிக்கு அடியில இருக்கறதை மட்டும் விட்டுடச் சொல்லு."

ஜூலை 15, ஞாயிறு

டெஸ்ஸாவிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையைப் பற்றியும். அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம். "நான் அது மேல சாக்கட்டியால கட்டம் போட்டு விளையாடுவேன் அத்தை. மழையில அழிஞ்சதும் அப்பாவே திரும்பப் போட்டுக் குடுப்பார்."

ஒரு முடிவுக்கு வந்தோம். வசந்தம் வரைக்கும் மெர்வ் ஜீலாங் இல்லத்தில். அதற்குள் வீடு காய்ந்தால் இங்கே. காயாவிட்டால் அங்கேயே. ஹெதரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டேன். ஃபிளாட்டுக்கென்று சேர்த்திருந்த பணத்திலிருந்துதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இருந்தும் எல்லோர் மேலும் கோபமாக வருகிறது.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

உடைக்கிறார்கள். பல் வரைக்கும் அதிர்கிறது. மெர்வ் பெருமையடித்தது பொய்யில்லை, எமகாதகக் கான்கிரீட். ஹெதரின் ஆட்கள் மதியத்துக்குள் இரண்டு உளியை மழுங்கடித்தார்கள்.

மாலையில் முதல் இரும்புச் சல்லடை வெளியே வந்தது. மண்ணைச் சுரண்டிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். காற்று இழுத்தது. மெல்லத்தான். ஆனால் இழுத்தது.

கொடிக்கு அடியில் இருந்த துண்டை ஹெதர் விட்டுவிட்டாள். "அது சுவத்தை விட்டுத் தள்ளித்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்." உள்ளே போடச் சொன்ன அந்த ஆள் யார் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் பேச்சில் கொஞ்சம் சத்தம் குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 30, வியாழன்

ஏரிப் பக்கத்து ஃபிளாட்டை யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஜன்னலில் நீலத் திரை தொங்குகிறது. எனக்கு நீலம் பிடிக்காது.

செப்டம்பர் 16, ஞாயிறு

ஜீலாங் போய் வந்தேன். மெர்வ் இளைத்திருக்கிறான். "இங்க எல்லாமே சூடு நோலா. ஜன்னலைத் திறக்க முடியாது. கேப்டன் பாஸ்கோ பாத்தா நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பான்." கால் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் எல்லோருக்கும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். அவனுக்கு அது மட்டும் பிடித்திருக்கிறதாம். நர்ஸிடம் இன்னொரு ஜோடி கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான்.

"காயுதா?"

"காயுது. சுவத்துல உப்புப் பூத்து வெளிய வருது. நல்லதுதானாம்."

"என் கட்டிலை எங்க போடப்போறே?"

"வடக்குப் பக்கம், சாப்பாட்டு அறையில. அங்கதான் வெயில் வருது."

"அது அப்பா செத்த அறை."

"எல்லா அறையிலயும் யாராவது செத்துத்தான் இருக்காங்க மெர்வ். நூத்தி நாப்பது வருஷத்து வீடு."

சிரித்தான். இருமவில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

டெஸ்ஸா காரில் கொண்டுவந்து விட்டாள். கேட்டில் இறங்கி நின்றான். வீட்டைச் சுற்றி இப்போது சரளைக்கல் போட்டிருக்கிறது. ஊன்றுகோலால் அதைக் குத்திப் பார்த்தான். நேராகப் பின்பக்கம் போனான், காலடியில் சரளை கரகரவென்று சத்தம் போட்டது. கொடிக்கடியில் போய் அந்தத் துண்டின் மேல் நின்றான். நானும் டெஸ்ஸாவும் பின்வாசலிலேயே நின்றுவிட்டோம்.

உள்ளே வந்ததும், "பாசி பிடிச்சிருக்கு. தேய்ச்சேன் தேய்ச்சேன்னியே, பொய்க்காரி" என்றான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

எழுதி மாதக்கணக்கு ஆகிறது. எழுத என்ன இருக்கிறது? துணி, சமையல், மாத்திரை. முன்னறை இன்னும் முழுசாகக் காயவில்லை. அடுத்த கோடை ஆகும் என்கிறாள் ஹெதர். மெர்வ் குளிர் காலத்தைத் தாண்டுவானா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார், நானும் கேட்பதில்லை. ஆனால் அவன் நெஞ்சில் அந்தக் கரகரப்பு இல்லை. எனக்கும் இருமல் இல்லை. பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து அதில் கம்பளிகளை வைத்துவிட்டேன்.

ஆன்சாக் தினம் வியாழனன்று போனது. நேற்றிலிருந்து குளிர். இன்று காலை அவன் அறைக்கு வெளியே போகும்போது தற்செயலாகப் பார்த்தேன். சுவரின் அடியில் இரும்புச் சல்லடையில் என்னவோ சொருகியிருக்கிறது. ஊன்றுகோலால் குத்தித் திணித்த அடையாளம். இழுத்தேன். சாக்ஸ். அடியில் ரப்பர் புள்ளி வைத்தது.

உள்ளே போய் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன?"

செய்தித்தாளை இறக்கவில்லை. "பக்கத்து வீட்டுப் பூனை வெச்சிருக்கும்."

"பூனைக்கு ஊன்றுகோல் இருக்கா?"

"கால்ல குளிர் காத்து அடிக்குது நோலா."

"அடிக்கட்டும். அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம்."

"சரி, சரி." பிறகு தாளுக்குப் பின்னாலிருந்து: "அடுத்த ஞாயிறு பாக்கலாம்."

சாக்ஸில் மண். சோப்புப் போட்டுக் கசக்கினேன். கொடிக்குப் போய் அந்தச் சிமெண்ட் துண்டின் மேல் நின்று கிளிப் போட்டேன். திரும்பி வரும்போது அவன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன்.